அலர்ஜி மாத்திரைக்குக் கேட்காத தலைச் சொரியாசிஸ்

கேள்வி: எனக்கு 44 வயது. ஆறு ஆண்டுகளாகத் தலையில் சொரியாசிஸ் இருக்கிறது. சிறு வயது முதலே காலையில் அடுக்குத் தும்மல் வரும் என்பதால், இதுவும் அலர்ஜிதான் என்று எண்ணி அலர்ஜி மாத்திரை போட்டு வருகிறேன். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பலனில்லை. சில மாதங்களாக, நரைக்குச் சாயம் பூசிய இரண்டாம் நாள் காதோரமும் பிடரியும் அரித்து நீர் கசிகிறது. ரத்தத்தில் அலர்ஜிப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சொரியாசிஸ் அலர்ஜி நோய் அன்று. உங்கள் தும்மலுக்குக் காரணம், தூசி போன்றவற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஒருவகை எதிர்ப்புப் புரதமும், அதனால் வெளிப்படும் ஹிஸ்டமினும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேறொரு பிரிவு தூண்டப்பட்டு, சாதாரணமாக ஒரு மாத அளவில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள் நான்கைந்து நாள்களிலேயே மேலே வந்து அடுக்கடுக்கான செதில்களாகச் சேர்ந்துவிடுகின்றன. ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும் மாத்திரை தும்மலை நிறுத்தும், இரவில் சற்றுத் தூக்கமும் தரலாம், செதிலைக் குறைக்காது. ஆறு ஆண்டுகள் நீங்கள் அதை நம்பிக் காத்திருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் சாயம் பூசிய பின் வருவதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சொரியாசிஸ் படை வறண்டும் தடித்தும் இருக்கும். விரலால் தடவினாலே அதன் விளிம்பு தட்டுப்படும். வெள்ளிநிறச் செதிலைப் பெயர்த்தால் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் தோன்றும். நீர் கசிவது அதன் வழக்கமன்று. கருப்புச் சாயங்கள் பலவற்றிலும், கருப்பு மருதாணி என்ற பெயரில் விற்கும் சில பொடிகளிலும் இருக்கும் பாரா ஃபினைலின் டையமின் என்னும் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, ஓரிரு நாள் கழித்துக் காதோரமும் பிடரியும் நெற்றியும் சிவந்து கசியும், சிலருக்கு இமைகூட வீங்கும். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட சாயம் திடீரென ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. சொரியாசிஸ் உள்ளவரின் தோல் எங்கே காயப்படுகிறதோ அங்கே புதிய படை எழக்கூடும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் கோப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னார். சாய அலர்ஜியால் புண்ணாகும் தோலுக்கும், நகத்தால் சொறியும் தோலுக்கும் அது பொருந்தும். அலர்ஜி உங்கள் சொரியாசிஸை உண்டாக்கவில்லை. ஆனால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆகவே சாயத்தை இன்றே நிறுத்துங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தொடுவதால் வரும் இவ்வகை அலர்ஜி ரத்தத்தில் தெரியாது. இதற்கு உரியது பேட்ச் டெஸ்ட். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது.

உணவைப் பொறுத்தவரை, கத்தரிக்காயோ கருவாடோ சொரியாசிஸை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. முட்டையைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது உண்மையாகவே உதவும்.

சிகிச்சையில் பலர் தவறுவது மருந்தில் அன்று, பூசும் முறையில். தடித்த செதிலின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் அது தோலுக்குப் போய்ச் சேராது. மருத்துவர் எழுதித் தரும் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பையோ, வெறும் தேங்காய் எண்ணெயையோ இரவில் பூசி ஊறவிட்டு, காலையில் நிலக்கரித் தார் கலந்த மருந்து ஷாம்புவைத் தலைத்தோலில் தடவி ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். செதில் இளகிய பின் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, ஸ்டீராய்டு லோஷனை முடியில் படாமல் தோலில் சொட்டுச் சொட்டாக விட்டு விரல் நுனியால் தேய்க்க வேண்டும். வீரியமான ஸ்டீராய்டை மருத்துவர் சொன்ன சில வாரங்களுக்கு மேல் நீட்டிக்காதீர்கள். பிறகு கால்சிபோட்ரியால் போன்ற ஸ்டீராய்டு அல்லாத மருந்துக்கு மாற்றுவார்கள். கடைக்காரரிடம் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம், திடீரென நிறுத்தும்போது உடல் முழுதும் சீழ்க்கொப்புளங்களாக வெடிக்கும் அபாயம் உண்டு.

தோல் மருத்துவரிடம் செல்லும்போது சாயத்தின் அட்டைப்பெட்டியையும், ரத்த அழுத்தத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுத்துவந்தால் அந்தச் சீட்டையும் கொண்டுசெல்லுங்கள்; பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளும் லித்தியமும் சொரியாசிஸைக் கூட்டக்கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் இருந்தாலோ, காலையில் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தாலோ, குதிகால் வலித்தாலோ, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தலையிலும் நகத்திலும் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டு பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். மூட்டு கோணலாகிவிட்டால் பின்னர் நேராக்குவது கடினம்.