டாப்சோனியன் தொலைநோக்கி துள்ளுகிறதா? பளபளப்பை மாற்றுங்கள்

கேள்வி: 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (சுழலும் பெட்டியில் குழாயை வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் வகை) ஒன்றை வீட்டிலேயே செய்திருக்கிறேன். குவியத்தூரம் 1200 மி.மீ. சுழலும் பெட்டியின் அடியில் பளபளப்பான சன்மைக்கா ஒட்டி, கீழ்ப்பலகையில் நைலான் துண்டுகள் வைத்தேன். வியாழனைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது குழாயை மெல்லத் தள்ளினால் அசைய மறுக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் துள்ளிப்போய், கோள் பார்வையை விட்டே ஓடிவிடுகிறது. இதைவிட வழுக்கும் பரப்பு எது? பால் பேரிங் போட்டுவிடலாமா?

பதில்: பால் பேரிங் வேண்டாம். கண்ணாடி, கிரானைட் பக்கமும் போக வேண்டாம். நிற்கும்போது ஓர் உராய்வு, நகரத் தொடங்கியதும் அதைவிடக் குறைந்த உராய்வு. இந்த வித்தியாசம்தான் துள்ளலுக்குக் காரணம். தடையைத் தாண்ட நீங்கள் கொடுத்த விசை, தடை விலகியதும் மிச்சமாகிக் குழாயைத் தூக்கி எறிகிறது. எவ்வளவு வழுக்குகிறது என்பதைவிட, இந்த இரண்டு உராய்வும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பாருங்கள்.

உங்கள் தொலைநோக்கியில் 6 மி.மீ. கண்ணருகு வில்லை போட்டால் 200 மடங்கு பெருக்கம். சாதாரண வில்லையில் கால் டிகிரி வானம் தெரியும். பூமி சுழல்வதால் வியாழன் அந்த வட்டத்தை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அதனால் அடிக்கடி துளித் துளியாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கை வைக்கும் இடம் அச்சிலிருந்து 70 செ.மீ. தள்ளி என்றால், அங்கே 1 மி.மீ. நகர்ந்தாலே காட்சியில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவிடும். 2 மி.மீ. துள்ளினால் நடுவில் இருந்த வியாழன் வெளியே.

சரி, எதை வைப்பது? ஒரு பக்கம் டெஃப்லான், மறுபக்கம் சொரசொரப்பான சன்மைக்கா. ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். 1968-இல் தொடங்கிய நடைபாதை வானியலாளர் குழுவின் மூலம் பிளைவுட் பெட்டித் தொலைநோக்கியைப் பரப்பினார். அந்த வடிவத்தைச் செய்பவர்கள் இன்றுவரை விடாமல் வைத்திருக்கும் ஜோடி இது. டெஃப்லானில் நிலை உராய்வும் இயக்க உராய்வும் ஏறக்குறைய ஒன்றே. நைலானில் அப்படி இல்லை. உங்கள் துள்ளலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. மீதி பளபளப்பிலிருந்து. வழவழ பரப்பில் டெஃப்லான் முழுதாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். சிறு மேடுகள் உள்ள பரப்பில் மேட்டு முனைகள் மட்டுமே தொடுகின்றன. எடை அந்த முனைகளில் குவிகிறது. டெஃப்லானுக்கு அழுத்தம் கூடினால் உராய்வுக் கெழு குறையும். கடையில் சன்மைக்கா மாதிரிகளை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் லேசாகத் தடதடக்க வேண்டும், ஆனால் மேடுகள் வட்டமாக இருக்க வேண்டும். மர இழை போல நீளவாக்கில் கோடு போட்டது வேண்டாம். ஒரு திசையில் ஒரு மாதிரி, குறுக்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

உராய்வுக்குப் பரப்பளவு கணக்கில்லை என்று பள்ளியில் படித்திருப்போம். டெஃப்லானில் அது அப்படியே பொருந்தாது, நமக்கு அதுவே வசதி. துண்டைச் சிறிதாக்கினால் அழுத்தம் கூடி அசைவு இலகுவாகும், பெரிதாக்கினால் இறுகும். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது நல்ல தொடக்கம். பெட்டியும் குழாயும் சேர்ந்து 18 கிலோ என்றால் மொத்தம் 18 சதுர செ.மீ. தேவை, மூன்று துண்டுகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. சதுரம். மிகவும் சிறிதாக வெட்டிவிடாதீர்கள், எடை தாங்காமல் டெஃப்லான் மெல்ல மெல்ல நசுங்கிப் பிதுங்கும். 3 முதல் 6 மி.மீ. கனம் போதும். குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் இதற்கு ஆகாது. தொழிற்சாலை பிளாஸ்டிக் விற்கும் கடையில் வெள்ளைத் தகடாகக் கேளுங்கள்.

மூன்று துண்டுகளையும் கீழ்ப்பலகைக் கால்களுக்கு நேர் மேலே வையுங்கள். கால் ஓரிடம், துண்டு ஓரிடம் என்றால் பலகை வளைந்து, தொட்ட பிறகு காட்சி ஆடிக்கொண்டே இருக்கும். டெஃப்லானில் சாதாரணப் பசை பிடிக்காது. சிறு திருகாணி போட்டு, அதன் தலை நன்றாக உள்ளே அமிழும்படி குழித்துவிடுங்கள். தலை கொஞ்சம் நீட்டினாலும் சன்மைக்காவில் வட்டமாகக் கீறல் விழும், அப்புறம் தாளையே மாற்ற வேண்டியதுதான். துண்டுகளின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்குங்கள். பெட்டியையும் கீழ்ப்பலகையையும் இணைக்கும் நடு போல்ட் எடை தாங்கக் கூடாது, ஆனால் துளையில் ஆடவும் கூடாது.

மேல்கீழ் அசைவுக்கும் இதே ஜோடிதான். குழாயின் இருபுறமும் அதைத் தாங்கும் வட்டங்களுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டு துண்டுகள், வட்ட மையத்திலிருந்து பார்த்தால் 60 முதல் 70 டிகிரி இடைவெளியில். இடைவெளியைக் கூட்டினால் துண்டுகள் ஆப்பு போல இறுக்கும். வட்டத்தை 20 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல் செய்தால் சன்மைக்கா பட்டை உடையாமல் வளையும். முரண்டுபிடித்தால் சூடு காட்டி மெல்ல வளையுங்கள். பட்டையின் இணைப்பு, துண்டுகள் ஓடும் பகுதியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீர்கள்; மொட்டை மாடித் தூசி அதில் படிந்து பசையாகிவிடும். சன்மைக்காவில் கார் மெழுகு தேய்த்துத் துடைத்தால் போதும். பயன்படுத்தப் பயன்படுத்த டெஃப்லானின் மெல்லிய படலம் மேடுகளில் ஏறி, அசைவு இன்னும் சீராகும்.

பால் பேரிங்கை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், காற்றடித்தாலே அது குழாயைத் திருப்பிவிடும். மேல்கீழ் அச்சிலும் போட்டுவிட்டால், கனமான வில்லையை மாற்றும்போதெல்லாம் குழாய் தலைசாயும். அந்த அளவு உராய்வு நமக்கு வேண்டும்.

வேலை முடிந்ததும் சிறு வில் தராசைக் குழாய் முனையில் மாட்டி இழுத்துப் பாருங்கள். அசையத் தொடங்கும் அளவும், சீராக நகரும்போது காட்டும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு அச்சுக்கும் அரை கிலோவை ஒட்டி வந்தால் எனக்குத் திருப்தி. பக்கவாட்டுச் சுழற்சி இறுக்கமாக இருந்தால் துண்டுகளைக் கொஞ்சம் வெட்டிச் சிறிதாக்குங்கள். தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது மட்டும் பக்கவாட்டில் திருப்புவது கடினமாகத்தான் இருக்கும். குழாய் செங்குத்தாகிவிடுவதால் கைக்கு நெம்புகோல் நீளம் கிடைப்பதில்லை. அதை எந்தத் துண்டாலும் சரிசெய்ய முடியாது. ஒரு மணி நேரம் பொறுத்தால் அந்தப் பொருள் 15 டிகிரி வரை சரிந்து, வசதியான இடத்துக்கு வந்துவிடும்.