“கீழே போட்டிருப்பீர்கள்” என்று கடைக்காரர் சொன்னால் போதுமா?

கேள்வி: திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். ஒரு நாள் புல்மோட்டை, அடுத்த நாள் மூதூர், வெருகல் என்று மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் திரிகிற வேலை. லேப்டாப் எப்போதும் முதுகுப்பையில்தான். பதினொரு மாதங்களுக்கு முன் நகரத்துக் கடை ஒன்றிடம் “தினமும் பயணம், தாங்கக்கூடியதாக ஒன்று சொல்லுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். அவர்களே ஒரு மாடலைக் காட்டி, “ஆமி டெஸ்ட் பாஸ் பண்ணினது, பயப்பிடாமல் எடுங்கோ” என்றார்கள். விலை 265,000 ரூபாய். இப்போது மூடியின் இடப்பக்க ஹிஞ்ச் (பிணைச்சல்) பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நான் ஒருநாளும் கீழே போட்டதில்லை. கடையோ, “கீழே போட்டிருப்பீர்கள், இது ஃபிசிக்கல் டேமேஜ், வொரண்டி இல்லை. வேண்டுமென்றால் கொழும்பு சேர்விஸ் சென்டருக்கு நீங்களே கொண்டுபோங்கள்” என்கிறது. ஒரு வருட வொரண்டி முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலை அந்த மூன்று வாரத்துக்குள் எழுத்தில் முறையிடுவது. கடையில் நின்று வாய்த்தர்க்கம் பண்ணியதெல்லாம் பிறகு கணக்கில் வராது. பழுது எப்போது தெரிந்தது, கடை என்ன சொன்னது, நீங்கள் கேட்பது என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

உங்கள் கையில் இருக்கிற பெரிய சான்று அந்த வாட்ஸ்அப் உரையாடல். அழித்துவிடாதீர்கள், ஃபோன் மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்தபிறகு, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது.

அது ஏன் பெரிது என்றால், பொருள் விற்பனை பற்றிய நமது கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டுக்கு உரியது. லேப்டாப்பை அது கனவிலும் கண்டதில்லை. ஆனாலும் அதன் 15ஆம் பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் நியாயமான அளவு பொருந்த வேண்டும். வொரண்டி அட்டையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது ஒப்பந்தத்துக்குள் அடங்கிய நிபந்தனை. ஒரு விலக்கும் உண்டு: வர்த்தகப் பெயரைச் சொல்லி இன்ன பொருள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, மாடலைத் தெரிவுசெய்தது கடைதான். உங்கள் வழக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சரி, “கீழே போட்டீர்கள்” என்ற பேச்சுக்கு வருவோம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவின்படி, ஒரு விடயத்தைச் சொல்பவரே அதை எண்பிக்க வேண்டும். பொருள் உங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை என்று காட்டுவது உங்கள் சுமை, விழுந்தது என்று காட்டுவது அவர்கள் சுமை. பல லேப்டாப்களில் ஹிஞ்சின் திருகுகள், பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழ்களில்தான் பிடித்திருக்கும். ஹிஞ்ச் இறுகிப்போனால், மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த விசை பிளாஸ்டிக்கைத்தான் இழுக்கும். ஒருநாள் குமிழ் பிடுங்கிக்கொண்டு வரும். விழுந்த லேப்டாப்பில் பெரும்பாலும் மூலை நசுங்கியிருக்கும், விளிம்பில் சிராய்ப்புத் தெரியும். ஆகவே நான்கு மூலைகளையும் மூடியையும் உடைந்த இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் இப்போதே படமெடுங்கள். யாரையும் கழற்ற விடாதீர்கள், தெரிந்த பெடியன் ஒட்டித் தருவான் என்று கொடுத்துவிடவும் வேண்டாம்.

உப்புக்காற்றில் துருப்பிடித்தது என்றும் அவர்கள் சொல்லக்கூடும். நம் ஊரில் யன்னல் பிணைச்சலே துருப்பிடிக்கிறது, உண்மைதான். அதே கடற்காற்றில் கடை திறந்து வைத்திருப்பவருக்கு அது தெரியாதா என்ன?

“ஆமி டெஸ்ட்” என்பது மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க இராணுவச் சோதனை முறை. அதிர்ச்சி, அதிர்வு, உப்புப் புகை என்று பல சோதனைகள் அதில் உண்டு. அவற்றில் எதைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தெரிவுசெய்வார், அமெரிக்க இராணுவம் சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை. பெட்டியில் அந்த வாசகம் இருந்தால் பெட்டியை எறியாதீர்கள். இல்லாத தகுதியைச் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது.

கொழும்புக்குப் போகச் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் பணம் கொடுத்தது இந்தக் கடைக்கு, பில் தந்ததும் இந்தக் கடை. அனுப்புவது அவர்கள் பாடு. ஒப்படைக்கும்போது, மறுப்பதானால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று ஜாப் ஷீட்டில் (திருத்தக் கொடுக்கும்போது கடை எழுதித் தருகிற துண்டில்) குறிக்கச் சொல்லுங்கள்.

எங்கே முறையிடுவது? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசிவிட்டு எழுத்தில் கொடுங்கள். விசாரித்து, பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் மேலே சொன்ன அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, விற்பனை நடந்து அல்லது சேவை வழங்கி மூன்று மாதத்துக்குள் முறையிடச் சொல்கிறது. நீங்கள் வாங்கிப் பதினொரு மாதம், எனவே கடை இதைப் பிடித்துக்கொள்ளும். வொரண்டிச் சேவையை மறுத்தது இப்போதுதான் என்று வாதாடலாம், ஆனால் இதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

மற்றது, தகராறைப் பேசி இணக்கமாகத் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபை. இந்த அளவு பணத் தகராறில் அங்கே போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெறாமல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அங்கே எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் உங்களுக்காக ஆஜராக முடியாது, அதனால் செலவும் குறைவு! கடைக்காரரும் ஊர்க்காரர்தானே, பலருக்கு முன்னால் வாட்ஸ்அப்பை வாசித்துக் காட்டினால் பேச்சு மாறும் என்பது என் அனுபவம்.

முழுப்பணத்தையும் எதிர்பார்க்காதீர்கள். பொருளை ஏற்றுப் பதினொரு மாதம் பாவித்த பிறகு அதை நிராகரிக்கும் உரிமை பெரும்பாலும் போய்விடும், நட்டஈடுதான் மிஞ்சும். எனவே மூடியையும் ஹிஞ்சையும் இலவசமாக மாற்றித் தரவும், திருத்திய பாகத்துக்குப் புதிதாக வொரண்டி எழுதித் தரவும் கேளுங்கள். பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். அப்புறம், லேப்டாப்பை ஒப்படைக்க முன் அலுவலகக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, பயனாளிகளின் விபரம் எதுவும் அதில் இல்லாதபடி அழித்துவிடுங்கள்.