ஒழுகும் பவர் ஸ்டியரிங் ஹோஸ்: ரிக் வண்டிக்குப் போடும் ஹோஸைக் காருக்குப் போடலாமா?

கேள்வி: எங்களிடம் 1999ஆம் ஆண்டு வாங்கிய மிட்சுபிஷி லேன்சர் டீசல் கார் இருக்கிறது. பவர் ஸ்டியரிங் பம்பிலிருந்து, சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்குப் போகும் பிரஷர் ஹோஸில் இரண்டு மாதமாக ஆயில் ஒழுகுகிறது. வாரம் ஒருமுறை ஆயில் டப்பாவை நிரப்பி ஓட்டுகிறேன். புது ஹோஸ் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்குகளுக்கு ஹோஸ் செய்து தரும் கடைக்காரர், "300 பார் தாங்கும் ஹோஸில் அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிறார். எங்கள் மெக்கானிக்கோ ரப்பரே வேண்டாம், முழுவதையும் இரும்புக் குழாயாகப் போட்டுவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: ஹோஸ் கடைக்காரரிடமே செய்துகொள்ளலாம். ஆனால் அவர் சொல்லும் 300 பார் அழுத்தக் கணக்கைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உங்கள் வேலையில் மிகச் சுலபமான பகுதி அந்த அழுத்தம்தான். நேர்ச்சாலையில் போகும்போது ஸ்டியரிங் ஆயிலில் சில பார் அழுத்தமே இருக்கும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடிக்கும்போது அது உச்சத்துக்கு ஏறும். அந்த உச்சமும் பெரும்பாலான கார்களில் 70 முதல் 100 பார் வரைதான், அதற்கு மேல் போகாமல் பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு பார்த்துக்கொள்ளும். 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள, ஒற்றைக் கம்பிப் பின்னல் போட்ட சாதாரண ஹைட்ராலிக் ஹோஸின் வேலை அழுத்தமே 180 பார். இரட்டைப் பின்னலில் அது 330 பார். ஆகவே ரிக் கடையில் கிடைக்கும் எந்த நல்ல ஹோஸும் அழுத்தத்தால் வெடிக்கப் போவதில்லை. செய்து போட்ட ஹோஸ் ஆறே மாதத்தில் திரும்பி வருகிறதென்றால், வெப்பம், தவறான முனை, தவறான நீளம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். கடைக்காரரிடம் பேச வேண்டியதும் இவற்றைப் பற்றித்தான்.

மெக்கானிக்கின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பம்ப் என்ஜினோடு பூட்டப்பட்டிருக்கிறது. ரேக் வண்டியின் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. ரப்பர் மவுன்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜின், அதிலும் டீசல் என்ஜின், ஸ்டார்ட் செய்யும்போதும் கிளட்ச் விடும்போதும் நன்றாகவே ஆடும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் நடுவில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். முழு இரும்புக் குழாய் போட்டால் ஆட்டம் அத்தனையும் குழாயின் கழுத்துக்குப் போய், அங்கே மயிரிழை விரிசல் விழும். செம்புக் குழாய் இன்னும் மோசம், அதிர அதிர அது இறுகி ஒடிந்துவிடும்.

ஹோஸைக் கழற்றுவதற்கு முன், ஒழுகுவது ஹோஸ்தானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆயில் ஒழுகும் இடமும் அது சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பம்ப் முனையிலுள்ள ஓ-ரிங்கோ, ஆயில் போகத் துளையிட்ட பாஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் வரும் செம்பு வாஷரோ கசிந்தால், ஆயில் ஹோஸின் வழியாகவே வழிந்து இறங்கி ஹோஸின் மேல் பழி போடும். நல்ல ஹோஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்து மாட்டிய பிறகும் அதே இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சில ரூபாய் ஓ-ரிங்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. அந்தப் பகுதி முழுவதையும் டீசலோ டிகிரீசரோ போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, என்ஜினை ஓடவிட்டு, இன்னொருவரை ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாக இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே ஏற்படும் பாதிப்புக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். சந்தேகமான இடத்தில் ஒரு அட்டைத் துண்டைக் காட்டினால் போதும்.

வாரம் ஒருமுறை நிரப்பி ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்டியரிங் ஆயில் எரியக்கூடியது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் தெறித்தால் பானட்டுக்குள் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும், டப்பா காலியாகிப் பம்ப் வறண்டு ஓடினால் பம்பே போய்விடும்.

இனி ஹோஸ். பம்புக்குள் இருக்கும் சிறு தகடுகள் ஒவ்வொன்றும் ஒரு மிடறு ஆயிலைத் தள்ளுவதால், ஆயில் ஒரே சீராக வராமல் துடித்துத் துடித்துத்தான் வருகிறது. கம்பெனி ஹோஸ் அந்தத் துடிப்புக்கு ஏற்பச் சற்றே உப்பி உப்பி அதை அமுக்கிவிடும்படி செய்யப்பட்டது. சிலவற்றில் இதற்காகவே ஹோஸுக்குள் இன்னொரு மெல்லிய குழாயும் செருகியிருப்பார்கள். பழைய ஹோஸை வெட்டும்போது உள்ளே அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிக் ஹோஸோ உப்பவே கூடாது என்று செய்யப்பட்டது. கடைக்காரர் சொல்லும் 300 பார் ஹோஸ் இரட்டைப் பின்னலாகத்தான் இருக்கும். அதைப் போட்டால் ஒழுகாது, ஆனால் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் ஸ்டியரிங் முனகும், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையில் நடுக்கம் தெரியும். அமெரிக்க எஸ்.ஏ.இ. அமைப்பின் ஜே188 தரம் அச்சிட்ட பவர் ஸ்டியரிங் ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ஒற்றைப் பின்னல் ஹோஸ் போதும். உள்விட்டத்தை மட்டும் பழையதைவிடக் குறைக்காதீர்கள்.

வெப்பத்தைப் பற்றிக் கடைக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார், ஏனென்றால் ரிக்கில் ஹோஸ்கள் பெரும்பாலும் திறந்த வெளியில் ஓடுகின்றன. சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் தொடர்ந்து 100 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். கோடையில் நகர நெரிசலில், ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்துபோகும் காரின் பானட்டுக்குள் ஸ்டியரிங் ஆயில் அந்த எல்லையைத் தாண்டுவது அரிதல்ல. கூடுதல் வெப்பம் தாங்கும் ஹோஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். எதைப் போட்டாலும் எக்ஸாஸ்ட் பக்கம் வரும் பகுதிக்குக் கண்ணாடி இழை உறை மாட்டுங்கள். எஃகுப் பின்னல் போர்த்திய டெஃப்லான் ஹோஸ் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் அதற்குத் தனி முனைகள் வேண்டும், ஒருமுறை மடங்கினால் மறுபடி நிமிராது, துடிப்பையும் அமுக்காது. உங்கள் வண்டிக்கு அது தேவையில்லை.

முனைகள் விஷயத்தில் என் ஆலோசனை இது: பழைய ஹோஸின் இரு பக்கமும் வளைத்துச் செய்த இரும்புக் குழாய்கள் இருக்கும், துரு அரிக்காமல் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, ரப்பரை மட்டும் மாற்றுங்கள். ஹோஸைக் குழாயோடு நசுக்கி இறுக்கியிருக்கும் பழைய கிரிம்ப் மூடியை வெட்டி எடுத்துவிட்டு, குழாயின் முனையில் புது ஹோஸுக்குள் நுழையும் தண்டை வெள்ளிப் பற்றாசு வைத்து இணைப்பார்கள். ஹோஸைச் செருகுவதற்கு முன்பே இந்தச் சூட்டு வேலை முடிந்து, குழாயின் உட்புறக் கசடும் சுத்தமாகியிருக்க வேண்டும். இப்படிச் செய்தால் பம்பிலும் ரேக்கிலும் போய் அமரும் அசல் மரைகள் மாறாமல் இருக்கும்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹோஸ் கடைகளில் கைக்கு முதலில் கிடைப்பது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரை, ஜப்பானிய வண்டியில் இருப்பதோ மெட்ரிக் மரை. கால் அங்குல பி.எஸ்.பி. முனையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 13.2 மில்லிமீட்டர். 14 மில்லிமீட்டர் மெட்ரிக் துளைக்குள் அது சற்றுத் தளர்வாக நுழைந்து, இரண்டு மூன்று சுற்று பிடிப்பதுபோலவும் காட்டும். ஆனால் ஒன்றின் மரை இடைவெளி 1.34 மில்லிமீட்டர், மற்றதன் இடைவெளி 1.5 மில்லிமீட்டர். பலமாக இறுக்கினால் பம்பின் மரை உரிந்துவிடும், பிறகு நீங்கள் தேட வேண்டியது ஹோஸ் அல்ல, பம்ப். ஆகவே வெர்னியர் காலிப்பரும் மரை கேஜும் வைத்து அளக்காமல் எந்த முனையையும் ஏற்காதீர்கள். கசியாமல் இருக்கட்டும் என்று இந்த மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் வேண்டாம். இங்கே ஆயிலை அடைப்பது ஓ-ரிங்கோ வாஷரோ கூம்பு முகமோதான், மரை அல்ல. பிய்ந்து போகும் டேப் நூல் ரேக்கின் வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீளத்துக்குப் பழைய ஹோஸையே மாதிரியாகக் கொடுங்கள். பின்னல் ஹோஸ் அழுத்தத்தில் 4 சதவீதம் வரை சுருங்கலாம், 2 சதவீதம் வரை நீளவும் செய்யலாம். அத்துடன் என்ஜின் ஆட்டமும் சேரும். எனவே இழுத்துக் கட்டியதுபோல் இருக்கக் கூடாது. 10 மில்லிமீட்டர் ஒற்றைப் பின்னல் ஹோஸை 130 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக் கூடாது என்பதால், நெருக்கமான திருப்பங்களை இரும்புக் குழாயே எடுத்துக்கொள்ள வேண்டும். குழாய்களைக் காப்பாற்றுங்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். இரு முனைகளும் எந்தக் கோணத்தில் பார்க்கின்றன என்பதைப் பழைய ஹோஸின் மேல் பெயின்ட் கோடு போட்டுக் குறித்துவிட்டுப் பிறகு வெட்டச் சொல்லுங்கள். கோணம் பிசகினால் முறுக்கித்தான் மாட்ட வேண்டிவரும். முறுக்கிய ஹோஸ் ஒவ்வொரு அழுத்தத்திலும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்த்து முனையைத் தளர்த்திவிடும். ஹோஸின் மேல் அச்சிட்ட எழுத்துக் கோடு நேராக ஓடுகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

கிரிம்ப் செய்த பிறகு மூடியின் விட்டத்தைக் கடைக்காரர் கிரிம்ப் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு அளக்கிறாரா என்று கவனியுங்கள். உள்ளே காற்றடித்து வெட்டுத்தூளை வெளியேற்றச் சொல்லுங்கள். பிறகு உங்கள் உச்ச அழுத்தத்தின் இருமடங்கில், அதாவது 200 பாரில், சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்; ரிக் வேலை செய்யும் கடைக்கு அது பெரிய கோரிக்கை அல்ல. பிரஷர் பக்கத்தில் திருகுக் கிளிப் போட்டு ஒப்பேற்றுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஆயிலை டப்பாவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் ஹோஸும் அதே வயதுதான், சேர்த்தே மாற்றிவிடுங்கள். அங்கே அழுத்தம் குறைவு என்பதால் கிளிப் போதும். ஆனால் ரேடியேட்டர் ஹோஸையோ ஹீட்டர் ஹோஸையோ வெட்டி மாட்டாதீர்கள். தண்ணீருக்கென்று செய்த அந்த ரப்பர் ஆயில் பட்டால் ஊறி வீங்கிவிடும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது ஓ-ரிங்கும் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். ஆயில் எது என்பதை வண்டியின் கையேட்டிலோ டப்பா மூடியிலோ பார்த்து அதையே ஊற்றுங்கள். பிரேக் ஆயிலைத் தவறிக்கூட ஊற்றக் கூடாது. முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓட்டாமலேயே ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி இருபது முறை மெதுவாகத் திருப்புங்கள். டப்பாவில் அளவு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து மறுபடி திருப்புங்கள்; கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம். ஆயில் பால்போல் நுரைத்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். என்ஜினை நிறுத்தி, நுரை அடங்கிய பின் தொடருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை, கிரிம்ப் மூடிகளின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் இறுக்கிச் சரிசெய்ய வழியில்லை, அந்த முனையை வெட்டிவிட்டுத் திரும்பத்தான் செய்ய வேண்டும்.