விளையாட்டு, போன், தீனி: முதலில் எதைச் சரிசெய்வது?

கேள்வி: "என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நாலேகாலுக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் கையில் போன், மடியில் சிப்ஸ் பாக்கெட், இல்லாவிட்டால் நூடுல்ஸ். ஆறு மணிக்கு டியூஷன். ராத்திரி தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறான். பத்தரைக்கு மேல் ஃபிரிட்ஜைத் திறக்கிறான், அல்லது ஏதாவது ஆர்டர் போடச் சொல்கிறான். காலையில் ஒரு இட்லிகூட இறங்குவதில்லை. சனி, ஞாயிறு மட்டும் பேட்மிண்டன் கோச்சிங். தினமும் விளையாட அனுப்பினால் சாப்பாடு தானாகச் சரியாகிவிடுமா? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?" – ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: தானாகச் சரியாகாது. போனைப் பிடுங்குவதில் ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். நீங்கள் காலை, மாலை, இரவு என்று மூன்று தொல்லைகளைச் சொல்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் நாலேகாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முதலில் சாப்பாடு, அடுத்து விளையாட்டு. போன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இந்த வரிசை பிடிபட்டால் மற்றவை ஒவ்வொன்றாக வழிக்கு வரும்.

முதலில் அவன் டப்பாவைத் திறந்து பாருங்கள். மதிய இடைவேளையில் பாதி நேரம் பேச்சிலும் கைகழுவும் வரிசையிலும் போய்விடும். பாதிச் சோறு திரும்பி வருவது சகஜம். ஆக நாலேகாலுக்கு அவனுக்கு இருப்பது நிஜமான பசி. கால் மணி நேரம்கூடப் பொறுக்காது. சமையலறையில் தயாராக எதுவும் இல்லையென்றால் பாக்கெட்தான் ஜெயிக்கும்.

அதனால் வேலை ஞாயிற்றுக்கிழமையே தொடங்க வேண்டும். கால் கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரம் ஊறியதும் உப்புச் சேர்த்து நாலைந்து விசில் விட்டு, தண்ணீரை நன்றாக வடித்து, ஆறவைத்து ஐந்து டப்பாவாகப் பிரியுங்கள். மூன்று ஃபிரிட்ஜில், இரண்டு ஃப்ரீசரில். அன்றன்றைக்குக் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்ட ஐந்து நிமிடம் போதும். தேங்காய்த் துருவலைச் சாப்பிடும்போது மட்டும் சேர்க்கவும். முன்கூட்டியே கலந்தால் சென்னை வெக்கையில் ஊசிப்போகும். ஒரு டப்பாவில் ஏறத்தாழ 9 கிராம் புரதம் இருக்கும். கூட ஒரு வாழைப்பழம். கடலை அலுத்துவிட்டால் பொடி இட்லி இரண்டு, அவித்த முட்டை, புளித்த மாவில் குழிப்பணியாரம் என்று மாற்றிக்கொள்ளலாம். மதியச் சாம்பார் சாதம் ஒரு கிண்ணம் சாப்பிட்டாலும் தப்பில்லை. "டிஃபன்தான் வேண்டும்" என்று எந்தச் சட்டமும் கிடையாது.

சாப்பிடும் இந்த இருபது நிமிடம் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டு தின்னும்போது வயிறு நிறைந்த சேதி கவனத்துக்கு வருவதில்லை. என்ன சாப்பிட்டோம் என்பதும் மனதில் சரியாகப் பதிவதில்லை, அதனால் அடுத்த வேளையும் கூடுதலாக இறங்கும். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கேம் ஆடும் பையனுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். அவன் சாப்பாட்டையே மறந்து, ஆட்டம் முடிந்ததும் வாரிப்போட்டுக்கொள்வான். வீடியோ பார்ப்பவனுக்குக் கை சும்மா இருக்கும். அது பாக்கெட்டுக்குள்ளேயே போய்வரும். உங்கள் மகன் எந்த ரகம் என்று இரண்டு நாள் பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் ரகத்துக்கு வேளை தவறாமல் கூப்பிட வேண்டும். இரண்டாம் ரகத்துக்கு, பாக்கெட்டைக் கிண்ணத்தில் கொட்டிக் கொடுப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1999-இல் வெளியானது. டிவி, வீடியோ கேம் நேரத்தை மட்டும் குறைத்தார்கள். உடற்பயிற்சி கூடவில்லை. ஆனால் டிவி முன்னால் சாப்பிடும் வேளைகள் குறைந்தன, எடை கூடும் வேகமும் மட்டுப்பட்டது. உங்கள் மகனைவிடச் சின்னப் பிள்ளைகள்தான். ஆனாலும் சாப்பாட்டுத் தட்டையும் திரையையும் பிரித்து வைப்பதில் விஷயம் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. அந்த விதி பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். சீரியல் ஓடிக்கொண்டிருக்க, பையனை மட்டும் போனை வை என்றால் எடுபடாது.

இனி விளையாட்டு. ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் ஐந்தே முக்கால் வரை ஆடலாம். சாப்பிட்டு அரை மணியாவது ஆகியிருக்கும். பஜ்ஜி, பப்ஸ் தின்றுவிட்டு ஓடினால் விலா பிடித்துக்கொள்ளும், நெஞ்சு கரிக்கும். பாலை மடமடவென்று குடித்துவிட்டு ஓடினால் சிலருக்குக் குமட்டும். பாலை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும், வாரம் மூன்று நாளாவது கடுமையான ஆட்டம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரே மூச்சில் வேண்டியதில்லை. மாநகராட்சி மைதானத்தில் அரை மணி, டியூஷனுக்கு சைக்கிளில் போகவர இருபது நிமிடம் என்றாலே கிட்டத்தட்ட வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கார் பார்க்கிங்கில் ஸ்கிப்பிங்: 30 விநாடி தாண்டி, 30 விநாடி ஓய்வு, இருபது முறை. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு வேண்டாம், கெண்டைக்கால் வலிக்கும். மே மாதத்தில் காலை ஆறு மணிக்கு மாற்றிவிடுங்கள்.

வார இறுதிக் கோச்சிங்கைப் பற்றி ஒரு கணக்கு. 50 கிலோ எடையுள்ள பையன் ஒரு மணி நேரம் விடாமல் பேட்மிண்டன் ஆடினால் 250 முதல் 300 கலோரி செலவாகும். கோச்சிங்கில் பாதி நேரம் முறைக்காகக் காத்து நிற்பதுதான். வெளியே வந்ததும் 600 மி.லி. கோலா குடித்தால் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை, 240 கலோரிக்குக் குறையாது. மேலே ஒரு ஃப்ரைட் ரைஸ் வேறு. "ஆடிவிட்டான், பாவம்" என்று வாங்கித் தரும் பரிசுதான் இங்கே கணக்கைக் கெடுக்கிறது. ஆட்டத்தின் நடுவே இருபது நிமிடத்துக்கொரு தடவை நாலைந்து மடக்குத் தண்ணீர், முடிந்ததும் உப்புப் போட்ட மோர் அல்லது இளநீர் போதும். எனர்ஜி டிரிங்க் பக்கமே போக வேண்டாம். அதில் காஃபின் இருக்கிறது. புரதப் பவுடரும் தேவையில்லை. 13 முதல் 15 வயதுப் பையனுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொன்ன புரத அளவு தினம் 45 கிராம். சுண்டல், ஒரு முட்டை, இரண்டு டம்ளர் பாலோ தயிரோ, பருப்பு, இட்லி எல்லாம் சேர்ந்தால் அது வந்துவிடும்.

"ஆடிவிட்டு வந்தும் சாப்பிட மாட்டேன் என்கிறானே" என்ற புகார் அடுத்து வரும். கடுமையாக ஆடியதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். அப்புறம்தான் பசி கிளம்பும். டியூஷன் விட்டு வரும் எட்டேகாலுக்குத் தட்டு தயாராக இருக்க வேண்டும். அப்பா வரட்டும் என்று ஒன்பதரை வரை காத்திருந்தால் அந்தப் பசி பிஸ்கட்டில் அடங்கிப்போகும். சாப்பிட்ட பிறகு ஒன்பதரை வரை போன் அவனுடையது, அதில் குறுக்கிடாதீர்கள். ஒன்பதரைக்குப் போன் படுக்கையறைக்கு வெளியே. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் கிரெலின் கூடும், நிறைவைச் சொல்லும் லெப்டின் குறையும். பத்தரை மணி ஃபிரிட்ஜ் சோதனைக்கு அதுவும் ஒரு காரணம். டெலிவரி ஆப்பில் சேமித்து வைத்த கார்டு விவரத்தை எடுத்துவிடுங்கள். காலை உணவுக்குத் தனியாகப் போராட வேண்டாம். இரவு பத்தரைக்குத் தின்பது நின்றால் காலை ஏழுக்குப் பசி தானாக வரும். இரண்டு வாரமாவது ஆகும். முதல் வாரம் முறைப்புதான்.

மகள் இருக்கும் வீடுகளில் கதை தலைகீழாகவும் போகலாம். ரீல்ஸ் பார்த்து வேளை தவறவிடுவது, பயிற்சி கூடக்கூடச் சாப்பாட்டைக் குறைப்பது. வாராவாரம் எடை பார்க்காதீர்கள், தட்டருகே உடல்வாகைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது; சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் உள்ளே போகும் கொஞ்ச இரும்புச்சத்தும் சரியாக உடம்பில் சேராது. மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால், அல்லது சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பையனோ பெண்ணோ, பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை இருந்தால் அது அழுக்கில்லை. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள்.