முதல் ஸ்காட்ச்: மதுரைப் பக்கத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கே.கே.நகர்): இதுவரை பீர் மட்டும்தான் அண்ணே. தொண்டை எரியாத, கட்டுப்படியாகிற ஸ்காட்ச் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: பிளெண்டட், அதாவது கலவை வகையில் தொடங்குங்கள் தம்பி. மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கியின் கனத்தை மற்ற தானியங்களில் வடித்த லேசான விஸ்கி தணித்துவிடும். 100 பைப்பர்ஸ், பிளாக் அண்ட் ஒயிட், டூயர்ஸ் ஒயிட் லேபிள், இந்த மூன்றில் கடையில் எது இருக்கிறதோ அது. டூயர்ஸில் லேசாகத் தேன் மணம் வரும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். டீச்சர்ஸும் நல்ல சரக்குதான், ஆனால் ஆர்ட்மோர் ஆலை மால்ட் விஸ்கியின் புகை வாசம் அதில் உண்டு. அதை அப்புறம் பார்க்கலாம். எடுத்தவுடன் ஃபுல் வேண்டாம், குவார்ட்டர் கிடைத்தால் போதும்.

கேள்வி (திருமங்கலம்): பாட்டிலில் 'இந்தியாவில் நிரப்பப்பட்டது' என்று இருக்கிறதே, போலியா?

பதில்: இல்லை. ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்த விஸ்கிதான் மொத்தமாக வந்து இங்கே பாட்டிலாகிறது. விலை குறைவதும் அதனால்தான். ஒரே ஆலையில், பார்லி மால்ட்டில் மட்டும் வடித்த ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டை மட்டும் 2012 கடைசியிலிருந்து அங்கேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். பயப்பட வேண்டியது 'மிலிட்டரி சரக்கு', 'ஃபாரின் சரக்கு' என்று யாரோ கொண்டுவந்து நீட்டும் பாட்டிலுக்கு. காலி பாட்டிலில் எதையும் ஊற்றி மூடலாம். வாங்காதீர்கள்.

கேள்வி (செல்லூர்): 12 வருஷம் என்று போட்டிருந்தால் ஸ்மூத்தாக இருக்குமா?

பதில்: அந்த எண், உள்ளே இருப்பதிலேயே இளைய விஸ்கியின் வயது. அவ்வளவுதான். லஃப்ரோய்க் என்ற ஸ்காட்ச் 10 வருஷச் சரக்கு. ஆனாலும் பீட் என்ற சதுப்பு நிலக் கரிமண்ணை எரித்த புகையில் பார்லியைக் காயவைப்பதால் ஆஸ்பத்திரி டிங்சர் வாடை அடிக்கும்.

கேள்வி (விளாங்குடி): பிகினருக்கு எது பெஸ்ட்?

பதில்: முதல் பதில்.

கேள்வி (மேலூர்): தண்ணீர் ஊற்றினால் ஸ்காட்ச் கெட்டுவிடும், ராவாகத்தான் அடிக்க வேண்டும் என்கிறார் என் மச்சான்.

பதில்: பாட்டிலில் இருப்பதே பெரும்பாலும் தண்ணீர் சேர்த்ததுதான். பீப்பாயில் ஆல்கஹால் 60 சதவீதத்தை ஒட்டி இருப்பதை இறக்கித்தான் நம் ஊர் பாட்டிலில் 42.8-க்குக் கொண்டுவருகிறார்கள். கலவை செய்யும் நிபுணர்களே ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும் வரை தண்ணீர் விட்டுத்தான் மோந்து பார்ப்பார்கள். எரிச்சல் அடங்கினால்தான் மணம் தெரியும்.

கேள்வி (மேலூர் மச்சான்): அப்படியென்றால் ஐஸும் போடலாமா? ருசி செத்துவிடுமே!

பதில்: பாதி சரி மாப்பிள்ளை. குளிர்ந்தால் மணம் அடங்கத்தான் செய்யும். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் சொல்லும் அறை வெப்பம் வேறு, மே மாத மதுரை வேறு. 38 டிகிரியில் ஆவி மூக்கைக் குத்தும், ஒரு துண்டு ஐஸ் தப்பே இல்லை. ருசியைக் கொல்வது உப்புப் போர் தண்ணீர். கேன் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி (தெப்பக்குளம்): ஸ்மூத்தான ஸ்காட்ச் ஒன்று...

பதில்: இதே கேள்வி மூன்றாவது முறை. மேலே படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): வயது 19. நான் எதில் தொடங்கலாம்?

பதில்: தமிழ்நாட்டில் 21 ஆகாமல் விற்கக் கூடாது. காத்திருங்கள் தம்பி.

கேள்வி (ஆரப்பாளையம்): சுகர் மாத்திரை போடுகிறேன், குடிக்கலாமா?

பதில்: உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நான் சொல்லக் கூடாது.

கேள்வி (மேலூர் மச்சான்): சரி, எவ்வளவு தண்ணீர்?

பதில்: 30 மில்லிக்கு முதலில் ஒரு ஸ்பூன். எரிந்தால் இன்னொன்று, சம அளவு வரை போகலாம். பக்கத்தில் மட்டன் சுக்கா வேண்டாம், மிளகாய்க் காரத்தின் பழி விஸ்கி மேல் விழும். வறுத்த முந்திரி போதும். பைக் சாவியை முதலிலேயே வீட்டில் கொடுத்துவிடுங்கள். யாரோ கொடுத்த பாட்டில் என்றால் திறக்கவே திறக்காதீர்கள்.