ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க இடையில் ஆள் எதற்கு?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 71 வயது. பைபாஸ் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தனியார் ஆஸ்பத்திரியில் செய்தால் ஜனாதிபதி நிதியத்தில் உதவி எடுக்கலாம், இப்போது எல்லாம் ஒன்லைன் என்கிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. பக்கத்துக் கொம்யூனிகேஷன் கடைக்காரர் 15,000 ரூபா கேட்கிறார். உதவி கிடைத்தால் அதில் பத்து வீதமும் வேண்டுமாம். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். ஒரு சதம்கூட.

ஒன்லைன் என்று நீங்கள் பயப்படுகிற வேலை உங்களுடையதே இல்லை. 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இந்த நிதியத்துக்கு, முன்பெல்லாம் யாழ்ப்பாணத்துச் சனமும் கொழும்புக்கு அலைந்துதான் விண்ணப்பித்தது. 2025 பெப்ரவரி 7 முதல் அவரவர் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். அங்கிருந்து கணினி வழியாக நிதியத்துக்குப் போகும். வெள்ளவத்தைக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனை என்றால் கொழும்பு பிரதேச செயலகம். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எழுபது வயது மனிதர் தனக்கு விளங்காத தாளில் கையெழுத்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

வேலை முழுவதும் கடதாசியில்தான் இருக்கிறது. வைத்தியரின் பரிந்துரை, ஆஸ்பத்திரி தரும் செலவு மதிப்பீடு, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி. இவற்றைக் கொடுக்குமுன் மேசையில் பரப்பிவைத்துப் பெயரை மட்டும் ஒருதரம் பாருங்கள். அடையாள அட்டையில் 'கந்தையா சிவலிங்கம்', கிளினிக் கொப்பியில் 'கே. சிவா', மதிப்பீட்டில் 'எஸ். கந்தையா' என்று மூன்று மனிதர்கள் இருப்பார்கள். எல்லாம் ஒரே அப்பாதான் என்று கணினிக்கு யார் சொல்வது? ஆஸ்பத்திரியிலேயே திருத்தி வாங்குங்கள், சீல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

இன்னொன்று, இது காப்புறுதி அல்ல. முழுச் செலவும் வரும் என்று நகையை அடகு வைத்துவிடாதீர்கள். நோயையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து ஒரு பகுதியைத்தான் தருவார்கள். அப்பா அரச ஓய்வூதியர் என்றால், ஓய்வூதியத்தில் அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதிக்குப் பணம் பிடிக்கிறார்களா என்றும் கேட்டுவையுங்கள்.

இனி அந்தக் கடைக்காரர் விஷயம். படிவம் நிரப்பவும் பிரதி எடுக்கவும் நியாயமான கூலி வாங்கினால் சரி. பத்து வீதம் கேட்கிறவர் தரகர். 'உள்ளே ஆள் இருக்கிறது' என்பார். வெற்றுப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்தைக் கேட்பார். தன் போன் நம்பரைப் போடுவார். அப்புறம் அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பு உங்களுக்கு வராது. விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று அவரிடம்தான் கெஞ்ச வேண்டும். உங்கள் நம்பரைப் போடுங்கள். வங்கிப் பாஸ்புக், ஓ.டி.பி. எதையும் யாரிடமும் காட்ட வேண்டாம். செயலகத்தில் பெரியவர்களுக்கென்று ஒரு கதிரையும் உட்கார்ந்து விளக்க ஒரு ஆளும் இருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. அதைச் செய்ய ஏன் இவ்வளவு காலம்?

இதெல்லாம் நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு. நெஞ்சுவலி வந்தால் கதை வேறு. வலி கையில் இறங்குகிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் படிவம், மதிப்பீடு, நிதியம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் சிகிச்சைக்குக் காசு இல்லை, விண்ணப்பமும் இல்லை. இரவு இரண்டு மணி என்றாலும் எடுங்கள். 'பணம் பாஸாகட்டும், பிறகு பார்க்கலாம்' என்று வீட்டில் வைத்திருக்கவே கூடாது. நிதியத்துக்கு விண்ணப்பித்திருந்தாலும் சரி, தனியாரில் திகதி எடுத்திருந்தாலும் சரி, அந்த நேரத்தில் அம்புலன்ஸ்தான்.

பைபாஸுக்கும் தேசிய வைத்தியசாலையில் காசு வாங்குவதில்லை. காத்திருப்புப் பட்டியல்தான் நீளம். எத்தனை மாதம் ஆகும், அப்பாவின் இதயம் அதுவரை தாங்குமா என்று இதய வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். தாங்கும் என்றால் அங்கேயும் பெயரைப் பதிந்துவையுங்கள்.

கடைக்காரரிடம் அப்பாவின் அடையாள அட்டைப் பிரதியோ கையெழுத்து வைத்த தாளோ ஏற்கனவே போயிருந்தால், இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். தர மறுத்தால் செயலகத்தில் விண்ணப்பத்தோடு அதையும் எழுத்தில் கொடுங்கள்.