எச்ஐவி பற்றிப் படித்த பையன்கள் ஏன் அதன்படி நடப்பதில்லை?

பரவும் வழிகளைக் கேட்டால் பிளஸ் டூ பையன்கள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். மருந்துக் கடையில் நாலு பேர் நிற்கும்போது ஆணுறை கேட்கத்தான் வாய் வராது. சிக்கலே அங்கேதான். இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. இன்னும் இந்தப் பாடத்தை அவசரமாகப் புரட்டும் வகுப்பறைகள் உண்டு. பையன்களைப் பயமுறுத்திப் பயனில்லை, செய்முறை சொல்லித்தர வேண்டும்: ஆணுறையின் காலாவதித் தேதியைப் பார்ப்பது, பாக்கெட்டைப் பல்லால் கிழிக்காமல் பிரிப்பது, நுனியில் காற்று நிற்காமல் அழுத்திப் பிடித்து மாட்டுவது. அப்புறம், பச்சை குத்துகிறவரிடம் ஊசி புதிதா என்று கேட்கும் துணிச்சல்.

எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்ற ஆபத்து நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் 28 நாள் தடுப்பு மருந்து தொடங்குவார். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நேரில் கேட்க வெட்கமா? சரி, முதலில் எச்ஐவி உதவி எண்ணான 1097க்குப் பேசட்டும், கட்டணம் கிடையாது.